கேள்விக்குறி இருந்தால் கட்டைவிரல்

சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு சாபம் உண்டு. அவர்கள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஊர் தங்களைச் சந்தேகப்படுவது மட்டும் கண்ணில் படாது. எனக்குப் பெண் பார்த்திருந்த சமயத்தில் நடந்தது இதுதான்.

கொச்சித் துறைமுகத்தின் வல்லார்பாடத்தில் கண்டெய்னர்களின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். மட்டாஞ்சேரியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. (மீன்காரர் "இன்னைக்குப் பிடிச்சது" என்றால், முதலில் மீனின் முகத்தைப் பார்ப்பேன், பிறகு அவர் முகத்தை.)

தாத்தா காலத்தில் முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அப்பா, அம்மாவும் அப்படித்தான்.

இந்த லட்சணத்தில் கோவில்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். மாரிச்செல்வி அங்கே ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய மாமா, "மாப்பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்லா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எங்க வீட்டுல தமிழ் பேப்பர் இல்லாத நாளே கிடையாது." பொய்யில்லை. பாத்திர அலமாரியில் விரிக்க அம்மா பழைய பேப்பர் வாங்கி வைத்திருந்தாள்.

அடுத்த வாரமே மாரிச்செல்வி போனில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். எல்லாம் தமிழ் எழுத்தில், பத்தி பத்தியாக. ஒருமுறை கூப்பிட்டுப் பேசலாமே என்றால், "பேசுனா வீட்டுல எல்லாரும் காதைத் தீட்டி வச்சிருக்காக, எழுதிருதேன்" என்றாள்.

போனே மொழிபெயர்த்துத் தருமே என்பீர்கள். ஒருமுறை செருப்பு வாங்க வேண்டும் என்று பேசிய அன்றே என் போனில் செருப்பு விளம்பரம் வந்தது. அப்படிப்பட்ட ஒற்றனிடம் கல்யாண விஷயத்தைக் கொடுப்பதா? எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரர் தேனிப் பக்கம், தமிழ் படிப்பார். அவர் காதில் போட்டால் தக்காளியோடு சேர்த்துத் தெருத்தெருவாக விற்றுவிடுவார். உண்மையைச் சொன்னால், தமிழ் டீச்சருக்கு இப்படியொரு மாப்பிள்ளையா என்று சம்பந்தமே கலைந்துவிடும் என்று பயம். ஆகவே சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்விக்குறி இருந்தால் கட்டைவிரல், இல்லாவிட்டால் சிரித்த முகம். கொஞ்ச நாள் வண்டி நன்றாகவே ஓடியது.

பிறகு ஒருநாள் வந்த மெசேஜில் மூன்று கேள்விக்குறிகள். பெண் என்ன ஆர்வமாக இருக்கிறாள் என்று பூரித்துப்போய் மூன்று கட்டைவிரல்களை அனுப்பினேன். அதோடு மெசேஜ் நின்றுபோனது. உடனே என் மூளை சீல் பார்க்கத் தொடங்கியது. வேறு வரன் வந்துவிட்டதோ? என்னைப் பற்றி யாராவது வத்தி வைத்துவிட்டார்களோ?

அந்த வாரம்தான் சாயாக்கடைச் சேட்டன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார், மஞ்சப்பையோடு ஓர் ஆள் என்னைப் பற்றி விசாரித்துத் திரிவதாக. மறுநாள் அதே கடையில் அந்த மஞ்சப்பை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"தம்பி, இங்கன முத்துக்குமார்னு ஒரு பையன். கண்டெய்னர் வேலை பாக்கானாம். தெரியுமா?"

"தெரியும். எதுக்கு?"

"சும்மாதான். பையன் எப்படி?"

சும்மா என்று சொல்லிக்கொண்டு கேட்பவன் சும்மா கேட்பதில்லை. இவன் ஏதோ வலை விரிக்கிறான், ஊரைவிட்டே துரத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அவனைத் தேடி வெறுதே நடக்காதீங்க சேட்டா. அவன் துபாய்க்குப் போயாச்சு."

"தனியாவா?"

அடுத்து ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"இல்ல, பொண்டாட்டியோட."

அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மட்டாஞ்சேரியிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பில், அவர் தட்டில் விட்டுப்போன பழம்பொரியையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அதே மஞ்சப்பைக்காரர் உட்கார்ந்திருந்தார். நியாயம் கேட்க வந்தவர் கையில் அம்மா கப்பைக்கிழங்குத் தட்டைக் கொடுத்திருந்தாள்.

"முத்து, இவங்க மாரிச்செல்வியோட பெரியப்பா. நாம பொண்ணு பாக்கப் போனப்ப ஊர்ல இல்லையாம்" என்றாள் அம்மா.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துபாய்லருந்து இப்பதான் வாராகளோ?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தன் போனை நீட்டினார். மாரிச்செல்வி அனுப்பிவைத்திருந்த படத்தில் அவள் மெசேஜும் என் மூன்று விரல்களும் இருந்தன. "வாசிங்க" என்றார். நான் உற்றுப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது பெரியப்பா."

அவரே வாசித்தார். "உங்களைக் கட்டாயப்படுத்தித்தான் சம்மதிக்க வைத்தார்களா? உங்கள் மனதில் வேறு யாராவது இருக்கிறார்களா? நானே இதை நிறுத்திவிடட்டுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மாரிச்செல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்ப நான் எழுதுனது ஒண்ணுமே படிக்கலையா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு விரலப் போட்டீங்க?"

"கேள்விக்குறி இருந்துச்சு."

பிறகு டீச்சர் குரல் வந்தது. "மூணு கேள்விக்கும் பதிலத் தமிழ்ல எழுதி அனுப்புங்க. உங்க கையால. அதுவரைக்கும் நிச்சயதார்த்தம் கிடையாது."

"யாரு சொல்லித் தருவா?"

"ஏன், எனக்கு அதான வேலை."

தினமும் சாயங்காலம் போனில் வகுப்பு நடந்தது. பக்கத்தில் யாராவது எழுதித் தருகிறார்களா என்று சந்தேகம் அவளுக்கு. நான் கேமராவைச் சுற்றி அறையைக் காட்டிய பிறகே பாடம் தொடங்கும். முதல் இரண்டு கேள்விக்கும் "இல்லை", மூன்றாவதுக்கு "வேண்டாம்" என்பதுதான் பதில். ஒரு தாளில் அதை எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். நிச்சயதார்த்தம் நடந்தது.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பழைய மெசேஜ்களைத் தேடிப் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போவதற்கு ஒரு விரல். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சமைப்பதற்கு ஒரு விரல். (இன்றைக்கும் நான்தான் சமைக்கிறேன்.) இன்னொன்றில் இப்படி எழுதியிருந்தாள்: "அங்கே எனக்கு யாரையும் தெரியாது, பேச்சும் புரியாது. நினைத்தாலே பயமாக இருக்கிறது. மலையாளம் சொல்லித் தருவீர்களா?"

பயந்துபோய் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். நான் டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு கட்டைவிரலைத் தட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் இங்கே வந்ததும் பஸ் போர்டிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது என்னைவிட வேகமாக மலையாளம் படிக்கிறாள். முக்கியமாக, என் போனில் வருவதை.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். நான் பேனாவைத் திறந்தேன். அவள் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அப்பா, முதல்ல வாசிங்க" என்றாள். உள்ளே மாரிச்செல்வியும் அம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது.