முருங்கைக்காயும் இரண்டு ஈர்க்குச்சியும்

ஒரு காட்டில், கால் முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மழைக்காலம் முடியும்வரை படுக்கப் போடுவதுதான் வைத்தியம். சிகாமணி என்ற மரங்கொத்தி டாக்டருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. எத்தனையோ முயற்சி வீணாகி, அலகு மழுங்கி, கடைசியில் ஒரு வழி கண்டது. முறிந்த இடத்தில் இரண்டு முட்களை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்காக இறக்கினால் எலும்பு அசையாது. முதல் நோயாளியான முயல் வாசல்வரை நடந்தே போனது. சிகாமணி சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

காப்புரிமை வாங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி நரி இதைச் சுருட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தில் சிகாமணி காப்புரிமை அதிகாரியான கரடியிடம் பறந்தது.

"சட்டம் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது," என்றது கரடி. "ஒரு சாதாரண வைத்தியருக்கு இது தானாத் தோணியிருக்குமா? தோணியிருக்கும்னா காப்புரிமை கிடையாது."

நரியும் குரங்கு வைத்தியரும் சாட்சி சொல்ல வந்தன. "எனக்கு எப்பவோ தோணினதுதான்!" என்றன இரண்டும்.

"அப்ப நீங்க சாதாரண வைத்தியருங்களா?" என்று கேட்டது கரடி.

"யாரைப் பாத்து சாதாரணம்ங்கறீங்க? வாசல்ல என் போர்டைப் பாத்திருக்கீங்களா?" என்று குரங்கு எகிறியது. நரி வெளிநடப்பே செய்துவிட்டது.

காடு முழுக்கத் தேடியும் சாதாரண வைத்தியர் ஒருவரும் அகப்படாததால் கரடி முத்திரையை எடுத்தது. சிகாமணிக்கு உச்சி குளிர்ந்தது.

"கோப்புல எழுதணும் டாக்டர். எனக்கும் ஒருதரம் விளங்கறாப்ல சொல்லிடுங்க."

சிகாமணி உற்சாகமாக ஒரு முருங்கைக்காயை ஒடித்து, இரண்டு ஈர்க்குச்சிகளைக் குறுக்காகச் செருகிக் காட்டியது. கரடியும் செய்து பார்த்தது. காய் கச்சிதமாக நின்றது.

"அட, இவ்வளவுதானா? வைத்தியமே தெரியாத எனக்கே புரியுதே! தள்ளுபடி."

வெளியே போயிருந்த நரி உடனே திரும்பி வந்து, அதே வைத்தியத்தைத் தன் பேரில் எழுதி நீட்டியது: 'எதிர்முனைச் சாய்வூடுருவல்சார் அசைவின்மைப் பொறிமுறை.' கரடி தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தது.

"ஒரு எழவும் புரியல. நிச்சயமாப் புதுசுதான்," என்று முத்திரை குத்தியது.

குதித்துக்கொண்டு ஓடிய நரி, ஆபீஸ் படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டது.

"டாக்டர், அந்த முள்ளை இறக்குங்க!"

"ஐயையோ, உங்க கண்டுபிடிப்பாச்சே! நான் தொட்டா குத்தம். அனுமதி கேட்டு கரடி சார்கிட்ட விண்ணப்பம் போடறேன், மழைக்காலம் முடியறதுக்குள்ள வந்துடும்," என்ற சிகாமணி, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி மூங்கில் பத்தை எடுக்கப் போனது.

நீதி: கண்டுபிடித்ததை அதிகாரிக்குப் புரியாதபடி சொல்க. காப்புரிமை கிடைத்தபின் படியில் பார்த்து இறங்குக.