கண்ணாடி லிஃப்டில் ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரி

உயரம் தனக்கு ஆகாது என்பதை மனிதன் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டுவிட வேண்டும். என்னைப் போல இருபத்தைந்து வயதில், மாமனாராக வரவேண்டியவர் முன்னால், ஊரே பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. (பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களுடையது ஓட்டு வீடு. ஏறிப் பார்க்க மாடி ஏது?)

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அவற்றைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் தங்கப் பெரிய ஹோட்டல்கள் வந்தன. அப்படி ஒரு ஹோட்டலில் கிறிஸ்துமஸ் வாரம் பாட எங்கள் சர்ச் பாடகர் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். குழுவை நடத்தியவர் சாமுவேல் அங்கிள், பள்ளிக்கூட மியூசிக் வாத்தியார். சுருதி விலகினால் போதகரையே முறைப்பவர். அவர் மகள் ஷீபாவும் நானும் ஒரு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தது, அவரைத் தவிர குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னிக்கு பாட்டு முடிஞ்சதும் டாடிகிட்ட பேசிடப் போறேன் எட்வின்," என்றாள் ஷீபா, பஸ்ஸில். "அவரு நல்ல மூடுல இருக்கணும். நீ ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு வராத காரியம்.

சிவாஜிநகரில் பஸ் மாறி, அந்தச் சத்தத்திலிருந்து நேராக அந்த லாபிக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. அங்கே இருமினால்கூட மன்னிப்புக் கேட்கத் தோன்றும். பளிங்குத் தரை, நடுவில் நீரூற்று, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்கா நிஜமா என்று கிள்ளிப் பார்த்தால்தான் தெரியும் பனைமரங்கள். (கிள்ளினேன். நிஜம்.) சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வந்தது. தலைக்கு மேலே கூரை வரைக்கும் வெட்டவெளி, நான்கு பக்கமும் மாடி மாடியாக அறைகள், ஒரு சுவரோரமாகச் சீரியல் பல்பு கட்டிய கண்ணாடி லிஃப்ட்.

மேனேஜர் எங்களை நீரூற்றுப் பக்கத்தில் நின்று பாடச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"அங்கிள், லிஃப்ட்ல பாடிக்கிட்டே மேல போனா? தேவதூதருங்க பரலோகம் போற மாதிரி இருக்கும்," என்றேன்.

அங்கிள் லிஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாட் பேட் மேன்," என்றார். அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. ஷீபா பக்கம் பெருமையாகத் திரும்பினேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்கும் யோசனை பிடித்துவிட்டது. மூன்று பாட்டு முடியும் வரை லிஃப்ட் எங்கும் நிற்காமல், கதவு திறக்காமல், மெதுவாக ஏறி இறங்க ஏற்பாடு செய்தார். வெள்ளை அங்கியோடு உள்ளே போய், கண்ணாடியை ஒட்டி முதல் ஆளாக நின்றுகொண்டேன். யோசனை என்னுடையது அல்லவா?

முதல் மாடி வரை நான் தேவதூதன்தான். மூன்றாவது மாடியில் நீரூற்று வாஷ்பேசின் அளவுக்குச் சுருங்கியது. நாலாவதில் காலுக்குக் கீழே தரையே இல்லை என்று என் முழங்கால்கள் முடிவு செய்துவிட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டு சரிந்தேன். கைக்கு முதலில் அகப்பட்டதைக் கட்டிப் பிடித்தேன். அது சாமுவேல் அங்கிளின் வலது கால்.

"விடு மேன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு வரிகளுக்கு நடுவில்.

"முடியல அங்கிள்."

இரண்டு கையாலும் பாட்டை நடத்திக்கொண்டிருந்தவரால் என்னைப் பிய்த்துப் போட முடியவில்லை. பாட்டையும் நிறுத்தினால் ஷீபாவை மறந்துவிட வேண்டியதுதான் என்ற பயத்தில், அவர் அங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டே என் பகுதியைப் பாடினேன். கீழே மேனேஜர் காதைத் தொட்டுத் தொட்டுக் கையை ஆட்டினாராம். அங்கிளுக்கு அது வேறு மாதிரி புரிந்தது. "சத்தம் பத்தல, இன்னும் சத்தமா," என்றார் எல்லோரிடமும்.

கதவு திறந்தபோது லாபியே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு ஏனூ கேளிஸ்லில்ல சார், ஒண்ணுமே கேக்கல. கண்ணாடி ரொம்ப தடிப்பு," என்றார் மேனேஜர். "ஆனா டிராமா பிரமாதம். அந்தப் பாவி கால்ல விழுந்து கெஞ்சறான், பெரியவரு மனசு எறங்காம கையை வீசி வீசி போ போன்னு வெரட்டறாரு. நாளைக்கும் அதே போட்டுடுங்க."

அங்கிள் வெளியே நடந்தார். இனி இந்தப் பெண் எனக்கில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. கார்கள் நிற்குமிடத்தில் ஷீபா அவர் முன்னால் போய் நின்றாள். அந்தத் தைரியம் எனக்கு இன்று வரை வந்ததில்லை.

"டாடி, எட்வினும் நானும்..."

அவர் என் கை கசக்கிய அங்கியை நீவிவிட்டுக்கொண்டார். "சுருதி சுத்தமா போச்சு," என்றார். "ஆனா மூணு பாட்டுலயும் ஒரு வரி விடல. உசுரு போற பயத்துலயும் தாளம் தப்பல. வீட்ல பெரியவங்கள வரச் சொல்லு."

மறுநாள் நீரூற்றுப் பக்கத்திலேயே நின்று பாடினோம். மேனேஜருக்குத்தான் ஏமாற்றம்.

அடுத்த மே மாதம் கல்யாணம். போதகர் எங்களை முழங்காலிடச் சொன்னார். நான் குனிந்ததும், பெண்ணை ஒப்புக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற மாமனார் மெல்லக் காதருகே சாய்ந்தார். "பயப்படாத மேன். இது கிரவுண்ட் ஃப்ளோர்தான்."

அது மைக்கில் கேட்டுவிட்டது. பாடகர் குழுவில் பாதிப் பேருக்குச் சிரிப்பில் அடுத்த பாட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் நான் முழங்காலிட்டால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் ஆமென் வருவதில்லை. போன வாரம் சொன்னவன், என் மகளைக் கேட்டு வைட்ஃபீல்டிலிருந்து வந்திருந்த பையன். அன்றுதான் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கிறான்.