வாயில் சோறு, எதிர்ச்சாரியில் மீன்

அவங்களா சார்? ஊமை இல்ல. வாயில சோறு இருக்குது, அதான் பேசல. ரோட்டைத் தாண்டி இங்க வந்து மீன் வாங்கினதும் பேசுவாங்க. உங்களுக்கு ஜெராக்ஸ்தானே, ஆவும். ஆதார் கார்டைக் குடுத்துட்டு உக்காருங்க. அந்த ஐஸ் பெட்டிய மட்டும் இடிச்சிக்காதீங்க. ஆமா, ஜெராக்ஸ் கடைதான். மீனும் இருக்குது. சொல்றேன்.

எதிர்ல போர்டு தெரியுதா? ‘சூஷி மற்றும் ஆசிய ஃபியூஷன் உணவகம்.’ நௌமான் கடை. நம்ம செஞ்சிப் பையன், மலேசியாவுல ஜப்பான் ஓட்டல்ல வேலை செஞ்சவன். கோட்டை பாக்க வர்றவங்க எத்தினி நாளைக்குப் புரோட்டாவே துன்னுவாங்கன்னு இத தொறந்தான். சூஷின்னா பெருசா ஒண்ணும் இல்ல சார். ரேஷன் அரிசி கொழைஞ்சா எப்படி ஒட்டும், அந்த மாதிரி சோறு. அத உருட்டி மேல பச்சை மீனு. ஃபியூஷன்னா, பக்கத்துல மாங்கா ஊறுகா.

கடை ஓடலைன்னா அவன் திரும்ப பிளேன் ஏறணும். அவன் பொண்ணு ரூபினா அப்பதான் அவனப் பாத்து யாரோன்னு அழுவறத நிறுத்தியிருந்துச்சு.

தொறந்த வாரமே ஆதிமூலம்னு ஒரு ஆபீசர் வந்து எறங்கினாரு. எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு யாரும் கேக்கல. ஜீப்பு இருந்துச்சு, போதும்.

"இது வெந்ததா, வேகாததா?"

"சோறு வெந்தது சார். மீனு வேகாதது," ன்னான் நௌமான்.

"ரெண்டும் ஒட்டிக்கினு இருக்குதே?"

"அதான் சார் சூஷி."

"அதான்யா குத்தம். வெந்ததும் வேகாததும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

"அப்ப ரெண்டும் எங்கதான் சார் சேர்றது?"

ஆபீசர் யோசிச்சாரு. ஜீப்பு ஆஃப் பண்ணாம நின்னுக்கினு இருந்துச்சு. "வாயில சேரட்டும். வாய் எங்க எல்லைக்குள்ள வராது."

மறுநாளே உத்தரவு. ‘மேற்படி சோறு சாலையின் மேற்குப் புறத்திலும், மேற்படி மீன் கிழக்குப் புறத்திலும் இருத்தப்பட்டு, நுகர்வோரின் வாயில் மட்டுமே இணைக்கப்பட வேண்டியது.’ கிழக்குப் புறம்னா என் கடை. பாவம் பையன்னு ஒரு மூலை குடுத்தேன்.

முதல்ல வந்தவரு சீயமங்கலத்து வாத்தியாரு. அங்க சோத்த வாயில வாங்கிக்கினு, முழுங்காம ரோட்டுல எறங்கினாரு. பாதி ரோட்டுல அவரு ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு. வணக்கம் வெச்சாரு. சோறு உள்ள போயிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து.

அத எவனோ போன்ல எடுத்துப் போட்டுட்டான். அவ்ளோதான். அடுத்த ஞாயித்துக்கெழமை மெட்ராஸ் கார் எல்லாம் இங்கதான். தாடி வெச்ச ஒருத்தரு சொல்றாரு, "நடக்கறதும் உணவுதாங்க. காத்திருக்கறதும் உணவுதாங்க."

"லாரிக்கு ஒதுங்கறது?"

"அதுதான் மெயின் கோர்ஸ்."

வல்லத்துல ஒரு கல்யாணம். சோறு மண்டபத்துல, சாம்பார் எதிர் கொல்லையில. பொண்ணு வூட்டுக்காரங்க பெரிய எடம்னு ஊரே பேசிச்சு. இங்க நான் ஒரு விசிலு வாங்கி கழுத்துல மாட்டிக்கினேன். யாராவது வண்டிய நிறுத்தணும் இல்ல?

அப்புறம் ஆதிமூலத்துக்கு டிரான்ஸ்பர். ஜெயஸ்ரீ மேடம் வந்தாங்க. நெஜமாவே ரூலைப் படிக்கிறவங்க. "இது ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கிறதுக்கு சொன்னதுப்பா. தட்டுக்கு இல்ல. நீ ஒரே தட்டுல வையி," ன்னுட்டாங்க. நௌமான் எனக்கு ஸ்வீட் குடுத்தான்.

வந்தவங்க தட்டைப் பாத்தாங்க. "இன்னாது, சோத்து மேல மீனு? இத நாங்க வூட்லயே துன்ன மாட்டமா?" எழுந்து பூட்டாங்க. கடையில ஈ கூட ரெண்டாவது தரம் வரல. நௌமான் சம்சாரம் சாகிரா பரண்லேர்ந்து அவன் மலேசியா பெட்டிய எறக்கிச்சு. ரூபினா அதுக்குள்ள ஏறி உக்காந்துக்கினு எறங்க மாட்டேன்னுச்சு.

அத பாத்துட்டு எனக்கு மனசு கேக்கல. மனு எழுதினேன். ‘பொதுமக்கள் நலன் கருதி மேற்படி சோற்றையும் மீனையும் மீண்டும் பிரித்து வைக்க ஆவன செய்யுமாறு.’ ஊரே கையெழுத்து போட்டுச்சு.

"ரூல்ல இல்லாதத எப்படிங்க போடறது?" ன்னாங்க மேடம்.

"போன தரமும் இல்லாமதான் மேடம் போட்டாங்க. முன்னுதாரணம் இருக்குது." ராத்திரி ஸ்கூல்ல கத்துக்கின வார்த்தை. அன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன்.

அவங்க என்னையே பாத்தாங்க. "முன்னுதாரணம்னா ஒரு கடைக்கு மட்டும் குடுக்க முடியாது வளவன். ஊருக்கே பொருந்தணும்."

பொருந்திச்சு. ‘சேரக்கூடிய எந்த இரண்டு பொருளும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் ஆகாது.’ இப்ப டீ இந்தப் பக்கம், சக்கரை அந்தப் பக்கம். டெய்லர் கடையில சட்டை இங்க, பட்டன் அங்க. பஸ் ஸ்டாண்டுல பஸ் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம். அது முன்னயே அப்படித்தான். நௌமான் கடையில கூட்டம் தாங்கல. பெட்டி பரணுக்குப் போயிடுச்சு.

"வளவண்ணே!" பாருங்க, சாகிரா கூப்புடுது. "பழைய ஆபீசரு குடும்பத்தோட வந்துக்கிறாரு! வாயில சோத்தோட நடு ரோட்டுல நிக்கிறாரு, லாரி வருதுண்ணே! விசிலு ஊதுங்க!"

தோ வந்துட்டேம்மா!

உங்க ஜெராக்ஸ்தானே சார்? கார்டு இங்கயே இருக்கட்டும். மெஷினு எதிர்ச்சாரியில இருக்குது. ஒரிஜினலும் காப்பியும் சேரக்கூடியதாச்சே. நம்பரை நல்லா மனப்பாடம் பண்ணிக்கினு ரோட்டைத் தாண்டி, அங்க போயி சொல்லுங்க. நடுவுல யாருக்கும் வணக்கம் மட்டும் வெச்சிடாதீங்க.