கீழ்வீடு சித்தூர், மேல்வீடு திருப்பதி

ஸ்வர்ணலதா கூடத்தின் ஓரத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் முரளிதரன் குவைத்திலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். போன் மாமியார் வெங்கடம்மாவின் கையில் இருந்தது. மாமனார் தணிகாசலம் மழை பெய்ததைச் சொன்னார். பக்கத்து வீட்டார் அங்கே வெய்யில் எப்படி என்று விசாரித்தார்கள். எல்லாம் முடிந்து போன் ஸ்வர்ணலதாவின் முகத்துக்கு நேரே வந்தது. அவன் "துன்னியா?" என்றான். அவள் "உம்" என்றாள். அந்த வாரத்துத் தாம்பத்தியம் அத்துடன் இனிதே நிறைவுற்றது.

அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. குவைத் முதலாளி இன்னும் ரெண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறாராம், வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டுமாம். போட வேணாம், வந்துடுங்க என்று சொல்ல வேண்டும். எந்தப் போன் அடித்தாலும் குழந்தை "நைனா" என்று ஓடுகிறது. கேஸ் சிலிண்டர்காரனுக்குக்கூட முத்தம் கொடுத்துவிட்டது. இதையெல்லாம் கூடத்தில் சொல்ல முடியுமா? குவைத் பணத்தில் கட்டின மாடி அறையில் சொல்லலாம். ஆனால் போனோடு பாதிப் படி ஏறினாலே சிக்னல் அறுந்து, முரளிதரன் திரையில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவான்.

வீட்டுக்கு வைஃபை பொட்டி மாட்டிய டெலிபோன் ஆபீஸ் ஆள் போகும்போது, "இது டிபார்ட்மெண்டு சொத்தும்மா, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெங்கடம்மாவுக்குப் பத்திரம் என்றால் இரும்பு பீரோ. அதன் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை விட்டு, பட்டுப்புடவைக்கும் கம்மல் டப்பாவுக்கும் நடுவில் பொட்டியை உட்காரவைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் குங்குமமும் உண்டு.

மருமகள் முகம் வாடுவதைப் பார்த்துத் தணிகாசலம் மாடியில் சிக்னல் இல்லை என்று புகார் கொடுக்கச் சித்தூர் டெலிபோன் ஆபீசுக்குப் போனார். அங்கே ஏ.ஈ. நாகபூஷணம் கம்ப்யூட்டரைத் தீர ஆராய்ந்தார்.

"கனெக்‌ஷன் சித்தூர்லேந்து திருப்பதி ஜில்லாவ பிரிக்கறதுக்கு முன்ன குடுத்தது. அதனால அது எங்குளுது. மாடி எப்ப கட்டின?"

"பிரிச்ச பின்ன சார்."

"அப்ப மாடி திருப்பதி ஜில்லா."

"ஒரே வீடு சார்."

"வீடு ஒண்ணுதான்யா, யார் இல்லன்னா? சித்தூர் சிக்னல் கேக்காம கொள்ளாம திருப்பதிக்குள்ள போனா அவங்க எங்கள இன்னா நெனப்பாங்க?"

திருப்பதியில் ஏ.ஈ. தாமோதரன் இன்னும் மரியாதையானவர். நாற்காலி போடச் சொல்லி, மாடியில் பொட்டி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், இல்லாத பொட்டியில் சிக்னல் கம்மி என்று எந்த மனசாட்சியோடு எழுதுவது என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் மேற்படி வீட்டில் இரு ஜில்லா கூட்டு ஆய்வு நடத்துவதென்று மேலிடம் முடிவு செய்தது. வியாழக்கிழமை ரெண்டு ஜீப் வந்தன. நாகபூஷணம் கூடத்தில் நின்றார். தாமோதரன் மாடிக்குப் போனார். எல்லைப் பிரச்சினை வரக்கூடாதென்று வடைத் தட்டு நடுப்படியில் வைக்கப்பட்டது. அதிகாரிகள் பார்க்க வேண்டுமே என்று வெங்கடம்மா பீரோவை விரியத் திறந்தாள். கீழே ஃபுல் சிக்னல். மேலேயும் ஃபுல் சிக்னல். புகாரில் உண்மை இல்லை என்று ரெண்டு ஜில்லாவும் ஒரே பேனாவில் எழுதின.

தணிகாசலம் தயங்கித் தயங்கி, பொட்டியை வெளியில் எடுத்து வைத்துவிட்டால் என்ன என்றார். ரெண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது.

"டிபார்ட்மெண்டு சொத்துக்கு இம்மாம் மரியாதை நான் எங்கியும் பாத்ததில்ல. இதப் போயி கெடுப்பியா?" என்றார் நாகபூஷணம்.

அங்கேயே அந்த வீட்டை 'மாதிரி வீடு' என்று அறிவித்து, பீரோவுக்கு ரெண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பொட்டிகள் பீரோவுக்குள் போயின. பீரோ இல்லாத வீடுகளில் புருஷன்மார் திட்டு வாங்கினார்கள். தெருவில் பாதி வீட்டுக்குச் சிக்னல் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் பெருமை.

வெள்ளிக்கிழமை வந்தது. வெங்கடம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கியிருந்தது. பீரோக் கதவு திறந்திருந்தால் சிக்னல் மாடிக்குப் போகிறது. "போ, மேல போய்ப் பேசு. நான் பீரோவுக்குக் காவல் குந்திக்கினு இருக்கறேன்" என்றாள். ஸ்வர்ணலதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி அறைக்கு ஏறினாள்.

முரளிதரனின் முகம் முழுசாகத் தெரிந்தது. மீசையில் ஒரு நரைகூட.

"இன்னா ஸ்வர்ணா, தனியா வந்துக்கற? எதனா சொல்லணுமா?"

அவள் புள்ளையைப் பற்றி ஆரம்பித்தாள், மழைக்குப் போனாள், திரும்பி வந்தாள். அவன் பொறுமையாக இருந்தான். "முதலாளி உக்காந்துக்கினு இருக்கறாரு, சட்டுனு சொல்லு" என்றான்.

கீழே கதவு தட்டும் சத்தம். மாதிரி பீரோவைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து கும்பலாக வந்திருந்தார்கள்.

"ஸ்வர்ணா, ஊரே வந்து நிக்குது, நகையெல்லாம் வெளிய தெரியுது. நான் பீரோவ சாத்தறேன், நீ எறங்கி வந்து எல்லாருக்கும் காப்பி போடு" என்று வெங்கடம்மா கீழிருந்து கத்தினாள்.

"தோ வந்துட்டேன் அத்தே" என்று குரல் கொடுத்துவிட்டு, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், கீழே பீரோக் கதவு கிறீச்சிடக் கிறீச்சிட, ஒரே மூச்சில், "இல்லங்க, நான் இன்னா சொல்ல வந்தேன்னா, நீங்க அந்தக் கையெழுத்த மட்டும்