மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத மாப்பிள்ளை எங்காவது இருந்தால் அவரைப் பார்க்க எனக்கு ஆசை. ஒருவர் சம்பளத்தில் கைவைப்பார், ஒருவர் சமையல் தெரியும் என்பார். நான் சைக்கிளில் கைவைத்தேன்.

திருவனந்தபுரம் கரமனையில் பிருந்தாவைப் பார்க்கப் போனபோதுதான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கோஷ்டியோடு ஊர் சுற்றுகிறவள் என்று தெரிந்தது. நான் மவுண்டன் பைக் வாங்கி அப்போது இரண்டு மாதம். பேச விஷயம் கிடைத்த சந்தோஷத்தில், டயரின் அகலம், முன் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்வீஸுக்கு எங்க குடுக்கறேள்?" என்றாள்.

"எங்கயும் குடுக்கறதில்லை. எல்லாம் நானேதான்."

(அன்று தேதிக்கு நான் அந்தச் சைக்கிளுக்குச் செய்திருந்த ஒரே பராமரிப்பு, ஈரத்துணியால் துடைத்தது.)

"அப்போ விஜயதசமி அன்னைக்குக் காலம்பற எங்களோட ஓட்ட வாங்கோ. வந்ததுக்கு அப்புறம் அப்பாகிட்ட என் பதிலைச் சொல்றேன்" என்றாள். அவளை எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. ஆக என் கல்யாணம் இப்போது இரண்டு சக்கரத்தில் நின்றது.

சைக்கிள் வாங்கிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் ஆபீஸ் நேரத்தில் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்த வண்டி அது. காட்டுப் பாதைக்கென்றே செய்த முரட்டு டயர் போட்டு, ஸ்ரீவராகத்திலிருந்து பழவங்காடிக்குத் தேங்காய் வாங்கப் போய்வந்தேன். ஸ்டாண்ட், கேரியர், மட்கார்டு எல்லாம் வீண் பாரம் என்று வீடியோவில் சொன்னார்கள். கடைக்காரர் இலவசமாக நீட்டிய பெல்லைக்கூட, நாற்பது கிராம் கூடுமே என்று வேண்டாம் என்றேன். (காலையில் ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறி உட்காருகிறவன் நான்.) வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அப்பா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, பெல்லும் இல்லை. மீதிச் சைக்கிள் எப்போடா வரும்?" என்றார்.

துர்காஷ்டமி அன்று மத்தியானம், பிருந்தாவுக்குக் காட்டுவதற்காக வண்டியைப் பளபளப்பாக்க உட்கார்ந்தேன். இரண்டு நாளாக நல்ல மழை. நனைந்த டிஸ்க் பிரேக் கொஞ்சம் கத்தும், காய்ந்ததும் தானே அடங்கிவிடும். இது எனக்குத் தெரியாது. பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று தெருவே திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் எது கத்தினாலும் மருந்து ஒன்றுதான். கதவு கத்தினால் தேங்காய் எண்ணெய், ஊஞ்சல் கத்தினால் தேங்காய் எண்ணெய், அப்பாவின் முழங்கால் கத்தினாலும் அதே. முன் டிஸ்க்குக்கு மூன்று சொட்டு, பின் டிஸ்க்குக்கு மூன்று சொட்டு விட்டு, துணியால் தேய்த்துவிட்டேன். சத்தம் போயே போய்விட்டது. எனக்கு என்மேல் மரியாதை வந்தது.

ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகமானாலும் ஆயுதமானாலும் அஷ்டமியில் பூஜைக்கு வைத்ததைத் தசமி காலையில் எடுக்கும்வரை தொடக் கூடாது. அம்மா கூடத்தில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, "சக்கரத்துக்குள்ள சக்கரம் வச்சிருக்கான் பாரேன்!" என்று டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். நவமி முழுக்க வண்டி சாமியாக இருந்தது. எண்ணெயும் நிதானமாக ஊறியது.

தசமி காலையில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினேன். கிழக்கேகோட்டை தாண்டும்வரை சமதளம், கூட்டமும் இல்லை. இரண்டு முறை பிரேக் பிடித்தபோது கொஞ்சம் வழுக்குவதுபோல் இருந்தது. உயர்ந்த ரக பிரேக் இப்படித்தான் மென்மையாகப் பிடிக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோஷ்டி கூடும் இடத்தில் பிருந்தா பெல்லும் ஸ்டாண்டும் கேரியரும் வைத்த ஒரு பழைய சைக்கிளில் நின்றிருந்தாள்.

"பிரேக் சத்தமே இல்லையே!" என்றாள்.

"மெயின்டனன்ஸ்" என்றேன்.

அந்தச் சொல்லின் ஈரம் காய்வதற்குள் இறக்கம் வந்தது. திருவனந்தபுரத்தில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை, அதிலும் அது நீளமான ஒன்று. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். சத்தமே இல்லை. வேகமும் குறையவில்லை. பிருந்தாவைத் தாண்டும்போது, "மெல்லப் போங்கோ!" என்றாள். என் விருப்பமும் அதுதான்.

பெல் இல்லாததால் வாயால் கத்தினேன். "மாறிக்கோ! மாறிக்கோ!" ஒரு மீன்காரர், இரண்டு ஆட்டோ, ஒரு நாய், எல்லோரும் ஒதுங்கி மாறிக்கொண்டார்கள். இறக்கத்தின் அடியில் சாலை வலப்பக்கம் திரும்பியது. நான் திரும்பவில்லை. நேரே ஒரு வாசகசாலையின் கேட் திறந்திருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஷூவைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வேகம் பாதியாகியிருந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, முன் டயர் ஒரு பச்சரிசி மூட்டையில் போய் முட்டியது. சைக்கிள் நின்றது. நான் மட்டும் தொடர்ந்து போய், அரிசித் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டதுபோல் விழுந்தேன்.

தட்டுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஷ் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் ஹெல்மெட்டை நிதானமாகப் பார்த்தார்.

"எழுதான் வந்நதாணோ?" என்றார். எழுத வந்தாயா என்று கேட்கிறார்.

இல்லை, பிரேக் போய்விட்டது என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"சாரமில்ல", பரவாயில்லை என்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அரிசியில் ஹரிஸ்ரீ எழுதவைத்தார். நல்ல நாளில் தட்டுக்கு முன்னால் வந்தவனை எழுதாமல் அனுப்பக் கூடாதாம். வரிசையில் நின்ற குழந்தைகள் அதுவரை அழுதுகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தன. இருபத்தேழாவது வயதில் எழுத்தறிவு பெற்று நிமிர்ந்தால், பந்தல் வாசலில் பிருந்தா, தன் வண்டியை ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் என் முன் டிஸ்க்கை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"தேங்காய் எண்ணெயா?"

"மூணே மூணு சொட்டு."

"பிரேக் பேடு ரெண்டும் எண்ணெயைக் குடிச்சிருக்கும். தூரப் போட வேண்டியதுதான். டிஸ்க்கை ஸ்பிரிட்டால தொடைச்சா சரியாயிடும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சர்வீஸ் எல்லாம் நீங்களேதானா?"

"இல்லை. பொய் சொன்னேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஸ்ரீவராகம் வந்து சேர்ந்தேன். சம்பந்தம் கைவிட்டுப் போனது என்று இரண்டு நாள் சைக்கிள் இருந்த பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சம்மதம் என்று கரமனையிலிருந்து போன் வந்தது. அவள் தன் அப்பாவிடம் சொன்ன காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "பொய் சொல்லுவார். ஆனா அரை மணிக்கூருக்குள்ள மாட்டிண்டுடுவார். அப்படி ஒருத்தர் கிடைக்கறது கஷ்டமாக்கும்."

அதற்குப் பிறகு என் சைக்கிளுக்கு அவள்தான் மெக்கானிக். பெல்லும் ஸ்டாண்டும் அவள் மாட்டியவை. நான் எதற்காவது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், சமையலறையிலிருந்தே, "சத்தமே இல்லையே, எண்ணெய் போட்டேளா?" என்பாள்.

போன விஜயதசமிக்கு எங்கள் பெண்ணுக்கு எழுத்தறிவிக்க அதே வாசகசாலைக்குப் போனோம். அதே மாஷ்தான் உட்கார்ந்திருந்தார். வரிசையில் எங்கள் முறை வந்ததும் என்னைப் பார்த்தார். அரிசித் தட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னு நடந்நாணோ வந்நது?" என்றார்.

நடந்துதான் வந்தேன் என்று சொன்னேன். பிருந்தாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் தட்டை முன்னால் தள்ளி, என் பெண்ணின் விரலைப் பிடித்தார்.