ஏழு தரம் கழுவிய சாய்மனை

முத்தலிப் ஒரு பெரிய முடிவெடுத்தார். இனி வெள்ளாமைக் காவலுக்கு அவர் போகமாட்டார். நாய் போகும்.

சவளக்கடையில் அவருக்கு மூன்று ஏக்கர் வயல். கதிர் பாலேறினால் மயிலும் மாடும் இறங்கிவிடும். பகல் முழுக்கக் காவல் குடிசையான வாடியில் இருந்து யாராவது தகரம் தட்ட வேண்டும். தட்ட வேண்டிய மனுசனோ கல்முனையில், பின்வளவு மாமரத்தடியில், சாய்மனைக் கதிரையில் கிடப்பார். வீடும் வளவும் மனைவி றிஸ்லாவுக்குச் சீதனமாக எழுதியவை. முத்தலிப்புக்கென்று சொந்தமாக இருந்தது அந்தக் கதிரை ஒன்றுதான். மருதமுனைத் தறியில் சொல்லி நெய்வித்த தடித்த துணி போட்டது. அதில் சாய்ந்தால் அவர்தான் ராசா.

பெரியநீலாவணை செல்லத்தம்பி கொடுத்த குட்டியோடு அவர் வந்திறங்க, றிஸ்லா இடுப்பில் கை வைத்தாள்.

"வயல் காவலுக்கு நாய் வெக்கலாம் மச்சான், நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா பின்வளவுலதான் கிடக்கணும். அது வாய் வெச்ச சாமானை மார்க்கப்படி ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் போட்டு. கழுவுற ஆள் நீங்க."

"ஓம் புள்ள, ஓம். சின்னக்குட்டி, என்னத்துல வாய் வெக்கப் போகுது?"

குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கிற பருவம். ஈறு தினவெடுத்தால் அது சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் சாய்மனைத் துணியைக் கவ்வியது. முத்தலிப் ஏழு தரம் கழுவினார். துணி காயப் பின்னேரமானது. அடுத்த நாளும் கவ்வியது. அடுத்த நாளும் கழுவினார். கதிரை வெறும் சட்டமாக நின்றது, ராசா குந்தியிருந்தார்.

பொறுக்க ஏலாமல் மிருக டொக்டரிடம் ஓடினார்.

"வேகவெச்ச எலும்பு குடுக்காதீங்க, உடைஞ்சு தொண்டையில குத்தும்" என்றார் டொக்டர். "கடிக்கக் குடுக்கிற சாமான்ல நகத்தை அமத்தினாக் கொஞ்சம் பதியணும். பதியாட்டிப் பல்லு போயிரும். துண்டு துண்டா உதிரவும் படாது."

அன்றைக்குக் கல்முனைச் சந்தையில் முத்தலிப் நகம் வைக்காத சாமான் இல்லை.

"நானா, பேரப்புள்ளைக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, நாய்க்கு."

கடைக்காரர் மீதிச் சாமானையெல்லாம் அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்.

குளிரவைத்த கரட்டைக் குட்டி ஒரே மூச்சில் தின்று முடித்தது. றப்பர் வளையத்தைக் குழி தோண்டிப் புதைத்தது. பச்சை எலும்பைக் காகத்துக்கு விட்டுக் கொடுத்தது. பிறகு நேரே சாய்மனைக்குப் போனது, சந்தோசமாகச் சப்பியது.

ஒன்பதாம் நாள், துணியை ஆறாம் தரம் அலசும்போது முத்தலிப்பின் மூக்கில் ஒரு மணம் ஏறியது. மோந்து பார்த்தார். யா அல்லாஹ், கருவாட்டுத் தண்ணி!

"றிஸ்லா! துணியில இதைத் தெளிச்சது நீயா?"

"ஏன் கத்துறீங்க?" குசினிக்குள்ளிருந்து நிதானமாக வந்தாள். "டொக்டர் சொன்னதெல்லாம் அதுல கிடக்குத்தானே? நகம் பதியுது. தொண்டையில குத்தாது. மருதமுனைத் துணி, ஒரு நூல் கழரல்ல. இன்னும் ஆறு மாசம் தாங்கும்."

"அந்த ஆறு மாசமும் நான் எங்க புள்ள சாயுற?"

"வாடியில கயித்துக்கட்டில் ஒண்டு சும்மா கிடக்கு மச்சான். நாய் வாய் வெக்காத இடம். சோறு கட்டி வெச்சிருக்கன்."

முத்தலிப் மாமரத்தைப் பார்த்தார், வெறும் சட்டத்தைப் பார்த்தார், ஈரத்துணியைப் பார்த்தார்.

அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுத கையோடு தகரத்தைக் கக்கத்தில் இடுக்கி வயலுக்குப் போனது முத்தலிப். மாமரத்தடிச் சாய்மனையில் குறட்டை விட்டது, காவலுக்கு வந்த நாய்.