சூரியன் அணைந்தாலும் திறக்காத பூட்டு

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அண்ணனும் நலம். அத்தானின் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். நம் அண்ணன் இத்தனை வருடம் மெட்டுப் போட்ட பாட்டுகளையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டு, கம்ப்யூட்டரே எழுத்தையும் எண்ணையும் குலுக்கிப் போட்டுத் தந்த நீளமான சாவியால் பூட்டிவிட்டு, இப்போது சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். அடுத்த வாரம் எங்கள் பாட்டுக் குழுவின் பெரிய நிகழ்ச்சி. பாட வேண்டியதெல்லாம் உள்ளே. எந்தப் பூட்டையும் உடைக்கிற குவாண்டம் கம்ப்யூட்டர் உங்கள் மகளின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அது அண்டவெளியைவிடக் குளிரான மெஷின் என்று கேள்விப்பட்டு இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு போனேன். குளிரெல்லாம் மெஷினை மூடியிருக்கிற உருளைக்குள்ளே மட்டும்தானாம்; அறையில் பம்ப் இரைச்சலும் புழுக்கமும், எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆனால் மூடி கழற்றி வைத்திருந்த இன்னொன்றை உங்கள் மகள் காட்டினாள் பாருங்கள், தட்டுக்குக் கீழே தட்டாய்த் தங்க நிறத்தில் தொங்குகிறது. தானாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்கிற இந்த வகைப் பூட்டில், ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். "பத்தாயிரம் சாவி இருந்தா, இந்த மாதிரி மெஷினுக்கு நூறு தடவை போதும் மாமா." எனக்கு உயிர் வந்தது. "ஆனா பெரிய மாமா போட்ட சாவி ரொம்ப நீளம். தடவை அதே கணக்குல குறைஞ்சாலும், மிச்சத்தைப் போட்டுப் பார்க்கிறதுக்குள்ள சூரியன் அணைஞ்சிடும். அதுக்கும் இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய மெஷின் வேணும்."

அக்கா, எனக்குப் புல்லரித்துவிட்டது. சட்டைப் பட்டனைக்கூட மாற்றிப் போடுகிற நம் அண்ணன், ஒற்றை விரலால் தட்டிப் போட்ட பூட்டு, சூரியனைத் தாண்டி நிற்கிறது. மெஷினைப் பார்த்த அதே கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை பாட்டும் போச்சே என்று. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் அத்தானுக்கும் எல்லா நலமும் கூடட்டும். மகளுக்கு என் ஆசிகள்.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அண்ணன் இதை வாங்கிப் படித்தார். "தொலைக்கலடா, சாவியை அழிச்சிட்டேன். ஒண்ணுகூடக் கேக்கிற மாதிரி இல்ல, யார் காதுலயும் விழக் கூடாதுன்னுதான் பூட்டினேன்" என்கிறார். நிகழ்ச்சிக்கென்று புதிதாக ஒன்று மெட்டுப் போட்டு இப்போதுதான் பாடிக் காட்டினார். அக்கா, அதே மாதிரி இன்னொரு பூட்டு கிடைக்குமா என்று உங்கள் மகளிடம் உடனே கேட்டு எழுதுங்கள்.